பருந்துத் தலைச் சாமியும் எங்கள் அத்தானும்

என் அக்காவின் புருஷன் பல் டாக்டர். எதிராளி வாய் திறந்தபடியே இருந்தும் ஒரு வார்த்தை பதில் பேச முடியாத ஒரே தொழில் அதுதான் என்று தெரிந்துகொண்டுதான் அந்தப் படிப்பைப் படித்தாரோ என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். ஆளை நாற்காலியில் மல்லாத்தி, வாயைப் பிளக்கச் சொல்லி, கன்னத்துக்கு இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்த பிறகுதான் அத்தான் கச்சேரியைத் தொடங்குவார். அதற்கு முன்னால் பேச மாட்டார். பேசினால் யாராவது குறுக்கே பேசுவார்களே!

எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது நான். டெலிபோன் எடுப்பது, கருவிகளை ஆவியில் வேகவைப்பது, பயந்து ஓடுகிறவர்களை வாசலில் மடக்குவது எல்லாமே நான்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து, பெற்ற பிள்ளை போல வளர்த்தவர் அத்தான். அதனால் அவரை நான் என்ன வேண்டுமானாலும் திட்டலாம். வேறு யாராவது திட்டினால் பல்லைத் தட்டிக் கையில் கொடுத்துவிடுவேன்.

முன்பெல்லாம் அத்தானின் பேச்சு தேனீ, நீர்மூழ்கிக் கப்பல், தக்காளி பழமா காயா என்று ஊரைச் சுற்றி வரும். யாருக்கும் கெடுதல் இல்லை. ஒரு மழைநாளில் நோயாளி ஒருத்தரும் வராமல் போக, மனுஷர் செல்போனில் ஏதோ வீடியோ பார்த்தார். அன்றைக்குப் பிடித்தது சனியன். பழைய எகிப்தில் ஹோரஸ் என்று ஒரு சாமி இருந்தாராம், மனுஷ உடம்பு, பருந்துத் தலை. ஏசுவைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் அவரைப் பற்றி எப்போதோ சொல்லப்பட்டதாம். கன்னி வயிற்றில் பிறந்தார், டிசம்பர் இருபத்தைந்தில் பிறந்தார், பன்னிரண்டு சீடர்கள் வைத்திருந்தார், தண்ணீர் மேல் நடந்தார் என்று வீடியோக்காரன் அடுக்கிக்கொண்டே போனானாம்.

"அந்தப் பன்னிரண்டு பேர்ல ரெண்டு பேர் பேரைச் சொல்லுங்க பார்ப்போம்" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது வீடியோல வரலை பாப்பா."

"பருந்து எதுக்குத் தண்ணி மேல நடக்கணும்? பறந்து போக வேண்டியதுதானே?"

"காத்து பலமா இருந்திருக்கும்" என்றார். இந்த மனுஷரிடம் என்னத்தைப் பேச!

இத்தனைக்கும் அவருக்குச் சாமி மேல் கோபதாபம் எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, சுருதி ஒரு பக்கம் போக இவர் ஒரு பக்கம் போகப் பாடுகிறவர். ஆச்சரியமான விஷயம் ஒன்று கிடைத்தது, அதை நாலு பேருக்குச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும், அவ்வளவுதான். ஆனால் அந்த நாலு பேரில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் அடக்கம். முதலில் வந்த மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பல் அடைக்கும்போது கன்னி விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் பாதி அடைத்த பல்லோடு எழுந்து போனவர்தான், திரும்பவில்லை. அடுத்து வந்த மாப்பிள்ளையின் அப்பாவிடம் டீ ஆறுவதற்குள் ஹோரஸின் வம்சாவளியையே ஒப்பித்தார். அந்தச் சம்பந்தமும் கோவிந்தா.

இப்படியே முப்பத்துமூன்று வயதாகிவிட்டது எனக்கு. "உங்க வாய்தான் இந்தப் பொண்ணுக்கு வில்லன்" என்று அக்கா அத்தானிடம் சொல்லி முந்தானையால் மூக்கைத் துடைப்பாள். நான் அழுதது ராத்திரி தலையணைக்குத்தான் தெரியும்.

அப்போது வந்தார் கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவர். சொத்தைப் பல். அத்தான் எகிப்தில் நுழைந்து பாதி தூரம்கூடப் போகவில்லை, இவர் குறட்டை விட்டார்! வாயைப் பிளந்துகொண்டு, குழாய் உறிஞ்ச உறிஞ்ச, அப்படியொரு தூக்கம். இந்த வீட்டுக்கு ஏற்ற மாப்பிள்ளை இவர்தான் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. அவருக்கும் என்னைப் பிடித்திருந்தது.

தடையாக நின்றவர் அவருடைய அம்மா. வேதம் முழுக்க மனப்பாடம். அத்தானின் கீர்த்தி அவர் காதுக்கும் எட்டியிருந்தது. நிச்சயம் பேச வந்த அன்றே கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு சொன்னார்: "எகிப்துன்னு ஒரு வார்த்தை அந்த டாக்டர் வாயில இருந்து வரட்டும், அது கல்யாண மேடையா இருந்தாலும் சரி, என் பையன் கையைப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்." பையனுக்கு நாற்பது வயது.

அத்தான் அக்காவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். கல்யாணம் முடிகிறவரை எகிப்தே கிடையாது.

கல்யாணம் மதியத்தில். அன்று காலை பார்த்து, கல்யாணத்தை நடத்திவைக்க வேண்டிய ஃபாதர் வந்து நின்றார், கன்னத்துக்குள் ஒரு பன்னை ஒளித்துவைத்தது போல வீக்கத்தோடு. கடைவாய்ப் பல். பிடுங்காவிட்டால் பூசை நடத்த முடியாது. ஃபாதரையும் அத்தானையும் ஒரே அறையில் தனியாக விட எனக்கென்ன பைத்தியமா? தலை நிறையச் சுருட்டைக் கிளிப்புகளோடு, மேலே ஒரு ஏப்ரனை மாட்டிக்கொண்டு, குழாயைப் பிடிக்க நானே ஓடினேன்.

"அத்தான், சத்தியம்?"

"வாயே திறக்க மாட்டேன் பாப்பா."

ஃபாதரிடம் எங்கள் கிளினிக்கின் சட்டத்தைச் சொன்னார். "வலிச்சா இடது கையைத் தூக்குங்க ஃபாதர். பேசக்கூடாது." ஊசியைப் போட்டார், பஞ்சை அடைத்தார், இடுக்கியை எடுத்தார். பல் அசையவில்லை. அத்தானின் நெற்றியில் வியர்வை. பேசாமல் பல் பிடுங்கி அவருக்குப் பழக்கமே இல்லை. வாய் ஓடினால்தான் கை ஓடும். அப்படி இப்படி நெளிந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"மேல துளியூண்டுதான் தெரியுது ஃபாதர். அடியில பிரமிடு மாதிரி அகலமா உக்காந்திருக்கு."

போச்சு! நான் அவர் காலை மிதித்தேன். காலை நகர்த்திக்கொண்டார்.

"பிரமிடுன்னதும் ஞாபகம் வருது. ஹோரஸும் கன்னிக்குத்தான் பொறந்தார், தெரியுமா ஃபாதர்?"

ஃபாதரின் இடது கை சட்டென்று மேலே போனது.

"வலிக்குதா? பாப்பா, இன்னொரு ஊசி." போட்டார். "அவருக்கும் பன்னிரண்டு சீடர்கள்."

கை மறுபடியும் போனது, இந்தத் தடவை ஒரு விரலை நீட்டி ஆட்டிக்கொண்டு.

"என்னது, இன்னும் மரத்துப் போகலையா! சீழ் கட்டினா இப்படித்தான்." மறுபடி ஊசி. "பொறந்ததும் டிசம்பர் இருபத்தஞ்சுதான்!"

இப்போது இரண்டு கையும் ஒரு காலும் மேலே வந்தன.

"அத்தான், அது வலி இல்லை! மறுப்பு!" என்று நான் கத்துவதற்குள் அடுத்த ஊசியும் உள்ளே போய்விட்டது. அதே நேரத்தில் பல்லும் வெளியே வந்தது. பேச்சு ஓடினால் அவர் கை மந்திரக் கைதான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஃபாதர் எழுந்து உட்கார்ந்தார். பேச வாயெடுத்தார். நாக்கு, உதடு, தாடை எல்லாமே ஊரை விட்டுப் போயிருந்தன. "ளபளப ளப" என்றார். சுவரில் இருந்த காலண்டரை ஆத்திரத்தோடு குத்திக் குத்திக் காட்டினார்.

"நாளை மறுநாள் வந்து காட்டுங்க, போதும்" என்றார் அத்தான் அன்பாக.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கிளிப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. இவ்வளவு தூரம் வந்து, ஒரு பல்லில் என் கல்யாணம் தடுக்கி விழ வேண்டுமா?

மதியம் கோயில் நிறைந்துவிட்டது. ஃபாதர் பீடத்தில் நின்று வாயைத் திறந்தார். ளபளப. பின் பெஞ்சில் ஒரு குழந்தை சிரித்தது. ஃபாதர் நிதானமாகப் புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தைத் திறந்தார். அத்தானைப் பார்த்து விரலை வளைத்தார். நீ செய்த வேலை, நீயே படி என்று அதற்கு அர்த்தம். அவர் கண்ணில் ஒரு விஷமம் இருந்ததை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன்.

அத்தான் படித்தார். குழந்தை ஏசுவைக் கொல்ல அரசன் தேடுகிற கதை. கனவில் வந்த தூதன் அப்பாவை எழுப்பி, பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு ஓடு என்கிறான். எங்கே ஓடினார்கள் என்பது எனக்கும் தெரியும், கோயிலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அத்தானுக்கு அந்த வார்த்தை கண்ணில் பட்டுவிட்டது. நிறுத்தினார். என் மாமியாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மனுஷர் உலகத்திலேயே ஆசையாகச் சொல்கிற சொல், மைக்குக்கு முன்னால், ஊரே காது கொடுக்க, ஃபாதரே எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார்.

அத்தான் எச்சிலை விழுங்கினார். "இரவோடு இரவாகக் கிளம்பி... வெளிநாட்டுக்குப் போனார்கள்" என்று படித்தார்.

எனக்காக அதை விழுங்கினாரே, பாவி மனுஷர்!

கோயில் முழுக்க சலசலப்பு. முன் பெஞ்சில் என் மாமியார் விருட்டென்று எழுந்தார். கைப்பை கீழே விழுந்தது. மாப்பிள்ளையின் கையைப் பிடிக்கத்தான் வருகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எகிப்து தம்பி! எகிப்துன்னு போட்டிருக்கு! வேதத்தை மாத்திப் படிக்கலாமா? ஒழுங்கா சொல்லுங்க!"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "எகிப்துக்கு" என்றார், பள்ளிக்கூடப் பிள்ளை போலச் சின்னக் குரலில். ஃபாதர் உள்பட எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கேள்விகளை அத்தான் கேட்க, ஃபாதர் தலையாட்ட, நாங்கள் சம்மதம் சொன்னோம். கல்யாணம் ஆகிவிட்டது!

விருந்தில் மாமியார் நாற்காலியை இழுத்துப்போட்டு அத்தான் எதிரில் உட்கார்ந்தார். "ஏன் தம்பி, நீங்க எல்லார்கிட்டயும் சொல்லுவீங்களாமே, அப்படி என்னதான் இருக்கு அந்த எகிப்துல?"

அத்தான் உதட்டைக் கடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். கல்யாணம் முடிந்தும் என்னிடம் அனுமதி கேட்டார்.

"சொல்லுங்க அத்தான்" என்றேன்.

"அம்மா, அங்க ஹோரஸ்னு ஒருத்தர். டிசம்பர் இருபத்தஞ்சுல பொறந்தவர்..."

"தப்பு!"

பின்னால் ஃபாதர். காலையிலிருந்து அவர் வாயில் வந்த முதல் முழு வார்த்தை. "அந்தத் தேதி நம்ம வேதத்துலயே கிடையாதுய்யா! ரொம்ப காலம் கழிச்சு நாம வெச்சுக்கிட்டது! இல்லாததை எப்படிய்யா எகிப்துல இருந்து திருட முடியும்? அப்புறம் ஹோரஸோட அம்மா கன்னியும் இல்லை, புருஷன் இருந்தான்!"

"அப்ப சீடர்கள்?" என்றார் அத்தான், கண் பளபளக்க.

"அதுவும் தப்பு! தள்ளி உக்காரு, சொல்றேன்!"

மாமியார் கேக்கைத் தட்டில் வைத்துவிட்டு நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தார். நானும் என் வீட்டுக்காரரும் விடைபெறப் போய் நின்றோம். "ஒரு நிமிஷம் இருங்க" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொல்லிக் கையைக் காட்டினார்கள். நின்று பார்த்துவிட்டு நாங்களே கிளம்பினோம். அத்தானுக்குக் கடைசியில் பதில் பேசுகிற ஆள் கிடைத்துவிட்டார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.