ஆமிஷ் குடும்பம்

ஆமிஷ் என்ற சொல்லை ஆறாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில்தான் முதலில் பார்த்தேன். பாடத்தின் கடைசியில் அதற்கு இரண்டு வரியில் பொருள் போட்டிருந்தது. மிஸ் விளக்கினார். அமெரிக்காவில் இருக்கும் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். எளிமையாக வாழ வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்திருப்பவர்கள். வீட்டுக்குக் கரண்ட் கம்பி இழுக்கமாட்டார்கள், காருக்குப் பதில் குதிரைவண்டி. “வசதி இல்லாம இல்ல, வேணாம்னு இருக்காங்க” என்றார்.

எனக்குச் சிலிர்த்தது.

வள்ளூரில் அனல்மின் நிலையத்துக்குப் பின்னால், கால்வாய்க் கரையில் எங்கள் வீடு. புகைபோக்கியின் சிவப்பு விளக்கு வாசலிலிருந்தே தெரியும். வீட்டுக்குள் மண்ணெண்ணெய் விளக்குதான். புறம்போக்கு நிலம், பட்டா இல்லை, அதனால் மீட்டரும் இல்லை. அந்தக் கரையோரக் குடிசை வரிசையிலிருந்து பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். வீட்டில் கரண்ட் இல்லை என்பதை வகுப்பில் மூச்சுவிட்டதில்லை.

அந்தச் சொல்லை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார் மிஸ். ‘என் குடும்பம் ஆமிஷ் குடும்பம்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். எழுப்பிக் கேட்டார். “எங்கப்பாவுக்குக் கரண்டே புடிக்காது மிஸ். வேணாம்னு சொல்லிட்டாரு.” மிஸ் எல்லோரையும் கைதட்டச் சொன்னார்.

மணி அடிப்பதற்குள் அதுவே என் பெயராகிவிட்டது. “ஏ ஆமிஷு, குதிரைய எங்க கட்டிட்டு வந்த?” என்றான் பின்பெஞ்சுக்காரன் ஒருவன். அதற்குப் பிறகு வகுப்பில் போன் இல்லாதவன், டிவி பார்க்காதவன் எல்லோருமே ஆமிஷ்தான். ஆனால் அசல் நான். இல்லாதவள் என்று யாரும் சொல்லவில்லையே. கேலிகூட இனித்தது.

அடுத்த வாரம் அப்பா பள்ளிக்கு வந்தார். நிலக்கரி இறக்கும் வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, நகக்கண்ணில் கரியோடு. கரண்ட் கேட்டுக் கலெக்டருக்கு மனு எழுதித் தரும்படி மிஸ்ஸைக் கேட்கத்தான் வந்திருந்தார். பல வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்கு அது தெரியும். அன்று நான் பார்த்தது, சட்டைப் பையிலிருந்து அவர் எடுத்த இரண்டு வெள்ளைத் தாள்களை மட்டும்.

அவர் வாயைத் திறப்பதற்குள் மிஸ் முந்திக்கொண்டார். “கரண்டே வேணாம்னு இருக்கீங்களாமே! இந்தக் காலத்துல பெரிய விஷயம் சார்.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“ஆமா டீச்சரம்மா. நம்ம வூட்ல அப்டிதான்.” தாள்களை மறுபடி மடித்துப் பைக்குள் வைத்தார். “பாப்பா நல்லா படிக்குதுங்களா?”

சைக்கிளில் திரும்பும்போது, “இன்னா பாப்பா அது, ஆமிசு?” என்று கேட்டார். மிஸ் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். கால்வாய்க் கரைக்குத் திரும்பும் இடத்தில் மிதிப்பதை மெதுவாக்கினார்.

“அவுங்க வூட்டுக்கெல்லாம் பட்டா கீதா?”

“அதெல்லாம் பாடத்துல இல்லப்பா” என்று சிரித்தேன்.

வாசலிலேயே அம்மா மறித்தாள். “இன்னாயா, எழுதிக் குட்த்தாங்களா?”

“டீச்சருக்கு இன்னிக்கு வேல ஜாஸ்தி. அப்பால பாத்துக்கலாம்.”

என் பொய் பிடிபடவில்லை. அந்தச் சந்தோஷத்தில், எதை எழுத வேண்டியிருந்தது என்று நான் கேட்கவில்லை. அப்பா அந்தத் தாள்களை என்னிடம் கொடுத்தார். ஒன்றில் குதிரைவண்டி வரைந்தேன். இன்னொன்றில், கம்பி இழுக்காத ஒரு வீடு. அப்பா விளக்கை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு இருட்டில் போய் உட்கார்ந்தார். அவருக்கு அப்படித்தான் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.