பிய்க்காமல் பிடித்த ரொட்டி

காலை ஏழரைக்கு, நாங்கள் வாழும் டேனிஷ் ஊரான வைலேயில் ரயில் ஏறினேன். ஓல்போர்க் வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல். மடியில் பயத்தம் பணியாரப் பெட்டி. மகள் நிரோ அங்கே மருத்துவமனையில் தாதி. அவள் மணக்கவிருக்கும் ருஸ்தம், உஸ்பெக் இளைஞன். அவனுடைய அம்மா குல்நோராவும் தாய்மாமனும் சம்பந்தம் பேசச் சமர்கந்திலிருந்து வந்திருந்தார்கள். பதிவுத் திருமணம் என்று முடிவாகியிருந்தது. முடிவாகாதது ஒன்றுதான்: முதல் வருடம் நிரோ வேலையை விட்டு, சமர்கந்தில் மாமியார் வீட்டில் இருக்கவேண்டும் என்று மாமன் கேட்டிருந்தார். பாதி வழியில் ஓர்ஹூஸ் நிலையம் தாண்டியும் எனக்கு அதே யோசனை.

நிலையத்தில் நிரோ சைக்கிளோடு நின்றாள்.

“நான் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன் அம்மா. நீங்கள் சண்டை பிடிக்காதேங்கோ.”

“நான் எப்ப சண்டை பிடிச்சனான்? கதைக்கிறனான்.”

“அதுதான் பயம்.”

ருஸ்தமின் வீடு கடல்நீரேரிக்கு அருகே, மூன்றாம் மாடியில். மேசையில் வெள்ளைத் துணி. அதன்மேல் நடுவில் பூ அச்சுக் குத்திய இரண்டு வட்ட ரொட்டிகள். பெரியவர் ஒருவர் பிய்த்தால் சம்மதம் உறுதி, பிறகு பேச்சு மாறாது என்று ருஸ்தம் டேனிஷில் விளக்கினான். தேநீர் வருவதற்குள் மாமன் ரொட்டியைக் கையில் எடுத்துவிட்டார்.

நான் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“பொறுங்கோ!”

தமிழில்தான் வந்தது. யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நான் பிடியை விடவில்லை. மிச்சத்தை டேனிஷில் சொன்னேன்: “நிரோ வேலையை விடமாட்டாள். முதலில் அது. பிறகு ரொட்டி.”

மாமன் சிரித்தார். “மருமகள் ஊற்றாத தேநீரில் ருசி ஏது?”

“உங்கள் மருமகனுக்கும் இரண்டு கை இருக்கிறது.”

இதை மொழிபெயர்க்கும்போது ருஸ்தமின் காது சிவந்தது. அப்போது குல்நோரா வாய் திறந்தார். அவர் மருத்துவம் படித்தவர். திருமணத்துக்கு மறுநாள் முகத்திரையோடு வீட்டார் ஒவ்வொருவருக்கும் குனிந்து வணங்கியிருக்கிறார். விடியுமுன் முற்றம் கூட்டியிருக்கிறார்.

“எனக்கும் ஒரு வருடம் என்றுதான் சொன்னார்கள். வெள்ளை அங்கியை நான் திரும்பப் போடவே இல்லை. இப்போது எங்கள் தெருப் பெண்கள் கார் ஓட்டி வேலைக்குப் போகிறார்கள். கல்யாணமானால் அவர்களும் அதே திரைக்குள் குனிகிறார்கள்.” பிறகு அண்ணனிடம் திரும்பினார். “என் வீட்டில் தேநீரை நானே ஊற்றிக்கொள்வேன். ரொட்டியை விடுங்கள். இவள் வேலைக்குப் போவாள்.”

மாமன் விட்டார். அவர் பிடித்த பக்கத்தைக் குல்நோரா பிடித்தார். இரண்டு தாய்மாரும் இழுத்தோம், பிய்ந்தது.

மாலை ரயிலில் என் பங்குத் துண்டு பணியாரப் பெட்டிக்குள் இருந்தது. யாழ்ப்பாணத்தில் என் கல்யாணப் பேச்சின்போது நான் அடுக்களையில் நின்றேன். என் படிப்பை நிறுத்துவது முன்கூடத்தில் முடிவானது. சமர்கந்தைக் குறை சொல்ல எங்களுக்கு என்ன தகுதி? ஆனால் இனி அடுக்களையில் நிற்க நான் தயாரில்லை.

வீட்டில் என் கணவர் கதவைத் திறந்ததும் கேட்டார்: “என்னப்பா, ஓம் எண்டு சொல்லிப்போட்டு வந்தனீரோ?”

துண்டை மேசையில் வைத்தேன்.

“முதல்ல அவையள் ஓம் எண்டு சொன்னவை. பிறகுதான் நான் பிய்ச்சனான்.”