ஹாஜியார் வாங்கித் தந்த கண்ணாடி போன்

அந்தப் போனின் விசைகள் ஒவ்வொன்றும் நடுவில் லேசாகப் புடைத்து ஓரத்தில் சரிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை வைத்தாலும் எந்த எழுத்தின்மேல் இருக்கிறோம் என்று விரலுக்குத் தெரிந்துவிடும். விரலை வைத்துவிட்டு அது அடங்கும்வரை காத்திருக்கலாம். நாமாக அமுக்கினால்தான் எழுத்து விழும், அதுவரை போன் சும்மா இருக்கும். இந்த ஒரு வசதிக்காகத்தான், மெல்பேர்னில் எல்லோரும் தொடுதிரை வைத்த கண்ணாடி போனுக்கு மாறிவிட்ட 2012ஆம் ஆண்டில், கடைகளில் விற்பதையே நிறுத்திவிட்ட அந்த விசைப்பலகை போனை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். அந்த விலைக்கு நல்ல கண்ணாடி போன் இரண்டு வாங்கியிருக்கலாம். என் மனைவி இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் வேலை பார்த்தவன் நான். மெல்பேர்னின் மேற்கே ட்ருகனினாவில் கிடங்கு வைத்திருந்த ஓர் இலங்கை முஸ்லிம் வியாபாரி, அதே வேலைக்கு விசா கொடுத்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். எல்லோருக்கும் அவர் ஹாஜியார். மாசிக் கருவாடு, தேங்காய்ப்பூ, மிளகாய்த்தூள், பிஸ்கட் என்று கொள்கலன் கொள்கலனாக இறக்குமதி செய்வார். கப்பல் வந்ததும் கொள்கலன் எண்ணை லாரிக்காரருக்கு அனுப்ப வேண்டும், துறைமுக வாசலில் நேரம் பதிய வேண்டும், உணவுச் சரக்கைச் சோதிக்கும் தடுப்புக்காப்புத் துறைக்குப் பதில் எழுத வேண்டும். கிடங்குக்கும் முற்றத்துக்குமாக நடந்துகொண்டே செய்கிற வேலை என்பதால் பெரும்பாலும் போனில்தான் செய்வேன். என் விசா ஹாஜியாரின் கையில் இருந்தது. அவர் வேண்டாம் என்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்த ஆண்டு முடிவதற்குள் எங்கள் நிரந்தர வதிவிடத்துக்கு அவர் கையெழுத்துப் போட்டுத் தருவதாகப் பேச்சு. மகளைப் பள்ளியில் சேர்த்திருந்தோம். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் எங்கள் குடும்பமே இருந்தது.

என் கை நடுங்கும். அப்பாவுக்கும் நடுங்கியது. பரம்பரையாக வருவது, உயிருக்கு ஒன்றும் செய்யாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் ஊர் மருத்துவரைக் கேட்டா பேசுகிறது? வங்கியில் அப்பாவின் கையெழுத்து ஒத்துவராமல் காசோலை திரும்பிய அன்று, கவுண்டருக்குப் பின்னாலிருந்தவர், "காலையிலேயே ஏத்திட்டு வந்துட்டாரு" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தவரில்லை. அவருக்கும் அது கேட்டிருக்கும். திரும்பிப் பார்க்காமல் என் தோளைப் பிடித்து வெளியே அழைத்து வந்தார். அன்றிலிருந்து என் கையை ஒளித்து வைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கோப்பை நிறையத் தேநீர் கொடுத்தால் ஆறட்டும் என்று மேசையில் வைத்துவிடுவேன். படம் எடுக்கச் சொன்னால் வேறு யாரிடமாவது தள்ளிவிடுவேன்.

கண்ணாடி போன் என் கையைக் காட்டிக்கொடுத்தது. ஒரு முறை தொட்டால் இரண்டு முறை எழுதும். விரல் பக்கத்தில் உரசினாலே போதும், கேட்காத எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். இதை யாரிடம் சொல்வது? கிடங்கின் சுப்பர்வைசர் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், நக்கலுக்குப் பேர்போனவர். என் புதுப் போனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உந்தச் சாமானுக்கே இவ்வளவு குடுத்தனீர்? படமும் வடிவாத் தெரியாது போல கிடக்கு."

"வேலைக்கு இதுதான்ணே நல்லது. வேகமா எழுதலாம், தப்பு வராது."

"ஓமோம். பெரிய ஒஃபிசர் எல்லே."

அதன்பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஒரு சொற்பொழிவே ஆற்றத் தொடங்கினேன். மின்னஞ்சலை நம்பிப் பிழைக்கிறவனுக்கு இந்த விலை தகும் என்பேன். வெயிலில் நின்று எழுதலாம், மின்கலம் நாள் முழுக்கத் தாங்கும், திரை உடைந்து தொலையாது என்பேன். எதுவும் பொய்யில்லை. ஆனால் அவற்றில் ஒன்றுக்காகவும் நான் அதை வாங்கவில்லை. காரணம் கேட்காதவர்களிடமும் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்.

நோன்பு மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வேலை செய்கிறவர்கள் எல்லோரையும் ஹாஜியார் மல்கிரேவில் இருந்த தன் வீட்டுக்கு நோன்பு திறக்க அழைத்தார். பேரீச்சம்பழம், கஞ்சி, கட்லட் எல்லாம் முடிந்து, தொழுகையும் முடிந்தபிறகு தரையில் வெள்ளைத் துணி விரித்தார்கள். பெரிய வட்டத் தட்டுகளில் நெய்ச்சோறு வந்தது. அவர்கள் அதை சஹன் என்பார்கள். ஒரு தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து கையால் எடுத்துச் சாப்பிட வேண்டும். எனக்கு அது முதல் முறை. ஹாஜியார் என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். எதிரே சுப்பர்வைசர் அண்ணன். இறைச்சியை ஹாஜியாரே பிய்த்துப் பிய்த்து என் பக்கமாகத் தள்ளினார். "எடுங்க மகன், வெக்கப்படாதீங்க" என்றார்.

வீட்டில் தனித்தட்டில் சாப்பிடும்போது தட்டின்மேல் குனிந்து சமாளித்துவிடுவேன். ஆறு பேர் கை நீட்டும் தட்டில் எங்கே குனிவது? பொதுத்தட்டு தொலைவில் இருந்தது. வாய்க்குப் போகும் வழியில் சோறு உதிர்ந்தது. துணியில் உதிர்ந்தது, ஹாஜியாரின் முழங்காலில் உதிர்ந்தது. அவர் பார்க்காததுபோலச் சோற்றைத் தட்டிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், நடுங்கும் கையை மறைக்க முடியாது. சுப்பர்வைசர் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன தம்பி, நேற்று இரவு கொஞ்சம் கூடிப்போச்சுதோ?"

சொன்ன பிறகுதான் எந்த வீட்டில், எந்த மாதத்தில் சொல்கிறோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். ஹாஜியாரின் மகன்கள் இருவரும் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வட்டிலப்பம் என்ற இனிப்போடு கதவருகே வந்த ஹாஜியாரின் மனைவி அப்படியே நின்றுவிட்டார். எனக்கு வங்கிக் கவுண்டர் ஞாபகம் வந்தது. பரம்பரை நடுக்கம் என்று சொல்லிவிடலாம். ஆனால் நோயாளிக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று மனம் கணக்குப் போட்டது.

"அதெல்லாம் இல்லண்ணே. இந்தப் போன்ல பட்டனை அமுக்கி அமுக்கி விரலெல்லாம் புடிச்சுக்குது."

சபை இளகியது. யாரோ சிரித்தார்கள். ஹாஜியார் மட்டும் சிரிக்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெருநாள் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று என் மேசையில் ஒரு புதுப் பெட்டி இருந்தது. கடையில் அப்போது கிடைத்ததிலேயே விலை கூடிய கண்ணாடி போன். ஹாஜியார் தானே உறையைப் பிரித்து என்னிடம் நீட்டினார்.

"இது இலேசாத் தொட்டாப் போதும் மகன். விரலுக்கு நோவு இல்ல. பழையத இனித் தொட வேணாம். எங்கட தங்கச்சிட மகன் ஊருக்குப் போறான், அவன்ட்ட குடுத்துடுவமா?"

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். மறுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். என் போனை நானே துடைத்து, அதன் மின்னேற்றியையும் சேர்த்து அவர் கையில் கொடுத்தேன். "ரொம்ப நன்றி ஹாஜியார்" என்றும் சொன்னேன். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

இலேசாகத் தொட்டால் போதும் என்பதுதான் என் வியாதியே. ஒரு வரி எழுத வியர்த்துக் கொட்டியது. முற்றத்தில் எழுதுவதை விட்டுவிட்டு, கழிப்பறைக்குள் போய்ச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு எழுதினேன். அப்படியும் ஒரு வெள்ளிக்கிழமை, லாரிக்காரர் வாசலில் காத்துக்கொண்டு அவசரப்படுத்தியபோது கொள்கலன் எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றி அனுப்பிவிட்டேன். துறைமுக வாசலில் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதிந்த நேரம் போயிற்று. சரக்கு வாரக்கடைசி முழுக்கத் துறைமுகத்தில் கிடந்தது, தண்டம் ஏறியது. கடைக்காரர்கள் ஹாஜியாரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் ஒருவரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை. என்னையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு போனேன்.

அவர் எனக்குத் தந்தது கையெழுத்திட்ட நிரந்தர வதிவிடப் பத்திரங்கள்.

"பொஞ்சாதி புள்ளைக்கு நல்ல செய்தி செல்லுங்க" என்றார்.

அந்தக் காகிதங்களை வாங்க நீட்டிய கை ஆடியது. காகிதமும் சேர்ந்து சரசரத்தது. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பாவின் நடுக்கம், மருத்துவர் சொன்னது, அந்தப் போனை எதற்காக வாங்கினேன், சஹனில் சொன்ன பொய் எல்லாவற்றையும். சொல்லி முடித்தபோது ஹாஜியார் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்ப நீங்க குடிக்கிற இல்லையா?"

"இல்ல ஹாஜியார். ஒருநாளும் இல்ல."

"நான் குடி எண்டு தான் நெனச்சன் மகன். போன் கதைய நான் நம்பல்ல. எண்டாலும் அது உண்மையா இருந்தா எண்டு மனசு கேக்கல்ல, அதான் புதுப் போன வாங்கித் தந்தன். மிச்ச நோன்பு முழுக்க உங்கட பேர் செல்லி துஆ கேட்டம். நானும் கேட்டன், வீட்டுல அவவும் கேட்டா."

"குடிகாரன்னு நினைச்சும் எப்படி ஹாஜியார் கையெழுத்துப் போட்டீங்க?"

அவருக்கு அந்தக் கேள்வியே புரியாதது போலிருந்தது. "குடிக்கிறவனுக்கும் புள்ள குட்டி ஈக்குதானே" என்றார்.

என் வாழ்நாளில் அவ்வளவு கூசிப்போய் வேறு யார் முன்னாலும் நான் நின்றதில்லை. நடுக்கத்தைச் சொன்னால் துரத்திவிடுவார் என்று எந்த மனிதரை எடைபோட்டு வைத்திருந்தேனோ, அவர் தன் மார்க்கம் வெறுக்கும் ஒரு பழக்கம் எனக்கு இருக்கிறது என்று நம்பிக்கொண்டே என் குடும்பத்துக்கு வழி செய்திருந்தார். ஆனால் அவரும் கூசிப்போய்த்தான் இருந்தார். குடிக்காத ஒருவனைக் குடிகாரன் என்று எண்ணியது பெரும் பிழை என்று முணுமுணுத்தார். நான் கிளம்பியபோது, "மகன், இத வீட்டுல அவவுக்கு செல்ல வேணாம். ஒரு மனுஷன அப்படி நெனச்சதுக்கு அவ அழுவா" என்றார். சரி என்றேன். மறுநாளே கணினியில் எழுத எனக்குத் தனி அறை ஒதுக்கிக் கொடுத்தார். லாரிக்காரரோடு பேசுவதைத் தன் மகனிடம் விட்டார். காரணம் யாருக்கும் சொல்லவில்லை.

இப்போது போன்கள் பேசுவதைக் கேட்டு எழுதுகின்றன. என் கைக்கு இனி எந்த விசையும் வேண்டியதில்லை. அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களிடம், கை நடுங்கும், பரம்பரை, பயப்படாதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். சொல்வது இவ்வளவு சுலபமா என்று ஒவ்வொரு முறையும் வெட்கமாக இருக்கிறது. அந்தப் போன் விலைக்குத் தகுமா என்று அன்று என்னைக் கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்களை நினைத்தால் அதைவிட வெட்கமாக இருக்கிறது. வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்ல முடியாதவன்தான் அவ்வளவு விலை கொடுத்தான்.

ஹாஜியார் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. பெருநாளைக்கு இன்னும் மல்கிரேவுக்குப் போய்வருகிறேன். போன முறை அவருடைய மனைவி எனக்கென்று தனியாக ஒரு தட்டில் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். கண் மங்கிவிட்டது என்றாலும் என் கையைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"இப்பவும் கொஞ்சம் நடுங்குது, என்ன மகன்? விட்ட பொறகும் கொஞ்ச காலம் அப்படித்தான் ஈக்குமாம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஹாஜியார் உங்களுக்காக எவ்வளவு அழுது கேட்டார் தெரியுமா? அல்லாஹ் அந்த துஆவ ஏத்துக் கபூல் செஞ்சிட்டான்" என்றார்.

ஊரில் அப்பா ஒருநாளும் ஒப்புக்கொள்ளாததை நான் எப்படி ஒப்புக்கொள்வது? இவரிடம் சொல்ல வேண்டாம் என்று ஹாஜியார் கேட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. அவர் முகம் அவ்வளவு நிறைவாக இருந்தது.

"ஆமாம்மா" என்றேன். "சுத்தமா விட்டுட்டேன்."