மழையின் பயன்கள்

கஞ்சி போட்ட பட்டுப் பாவு மழையில் நனைந்து இரண்டு நாள் சுருண்டு கிடந்தால் ஒரு வாடை வரும். பழைய சோறு கெட்டது போல, அதைவிடக் கூர்மையாக. நான் ஏழாவது படித்த ஐப்பசியில் எங்கள் வீடு முழுக்க அந்த வாடைதான்.

சேலையின் நீளத்துக்கு ஓடுகிற பாவு நூலைத் தறியில் ஏற்றும் முன் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, வெயிலில் காயவிடுவோம். வானம் வெளுத்திருந்ததை நம்பி அன்று காலை அப்பா கட்டினார். அரை மணியில் கொட்டியது. சுருட்டி உள்ளே கொண்டுவருவதற்குள் இழையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. கால் வைத்துத் தறியை மிதிக்கிற குழியிலும் தண்ணீர் ஏறிவிட்டது. அப்பா குழி ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அந்த வருஷம் தமிழ் எடுத்த வாத்தியார் பக்கத்து ஏரிக்கரை ஊரான தாமல்காரர், பயிர் வைக்கிற குடும்பம். கட்டுரைக்கு மூன்று விஷயம் சொல்லிக் கொடுத்தார். சொல்ல வந்ததை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். நடுவில் கண்ணால் பார்த்ததைத்தான் எழுத வேண்டும். முடிவில் புதிதாக எதையும் நுழைக்கக் கூடாது. வளவளவென்று எழுதினால் சிவப்பு மையால் அடித்துவிடுவார். இன்றைக்கும் யாராவது கேட்டால் நான் இந்த மூன்றைத்தான் சொல்வேன்.

முழுப் பரீட்சையில் "மழையின் பயன்கள்" வந்தது. தேறினால் எட்டாவது, இல்லாவிட்டால் தறி என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். முதல் வரியில், மழையால் எங்கள் தெருவுக்குப் பயன் இல்லை என்று எழுதினேன். நடுவில் பாவு நனைந்ததை, குழியில் தண்ணீர் நின்றதை, அப்பா அழுததை எழுதினேன். மழை எங்களுக்கு வேண்டாம் என்று முடித்தேன். வாத்தியார் சொன்ன மூன்றும் அதில் இருந்தது.

அவர் என்னைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினார். பாஸுக்கு நாலு மார்க் குறைந்தது.

"நல்லாத்தான் எழுதிக்கினு வந்திருக்கே. ஆனா கேட்டது பயன்மா. உன் பேச்சைக் கேட்டா எங்க ஏரி காஞ்சுதான் கெடக்கணும்."

சிரித்தார். வேறு தாள் ஒன்று கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுதினால் பாஸ் போடுவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். அவருக்கு அது அவசியமே இல்லை. நல்ல மனுஷன்.

எனக்காகக் காத்திருந்த கமலா உள்ளே வந்தாள். என் வகுப்பு, அவளும் தாமல் பெண்.

"ஏரி நெறம்பும், கலங்கல்ல தண்ணி வழியும், மீன் துள்ளும்னு எழுதுடி. நான் சொல்றேன், நீ எழுதிக்கினே வா."

ஏரி என்று எழுதினேன். அந்த ஏரியை நான் பார்த்ததே இல்லை. அதுகூடப் பரவாயில்லை. மாற்றி எழுத வேண்டுமானால் அப்பா அழுததை விட வேண்டும். விட்டால் அது நடக்காதது போல ஆகிவிடும் என்று அந்த வயதில் தோன்றியது. எழுதின ஒரு சொல்லையும் அடித்துவிட்டுத் தாளை மேஜை மேல் வைத்தேன்.

"திமிருடி உனுக்கு" என்றாள் கமலா.

வைகாசியில் தறியில் உட்கார்ந்தேன்.

இப்போது எங்கள் தெருவில் பாவு கட்ட இடமில்லை, வண்டிகள் நிற்கின்றன. குழியை மூடித் தரை போட்டாயிற்று. பள்ளிக்கூடத்தை இடித்துவிட்டார்கள். வாத்தியார் இல்லை, அப்பாவும் இல்லை. இருந்தவரை, பெண்ணை ஏன் படிக்க வைக்கவில்லை என்று யார் கேட்டாலும், "அதுக்குப் படிப்பு ஏறலபா" என்பார். நடந்ததை நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், அவர் அழுததை நான் வாத்தியாருக்கு எழுதிக் காட்டியதையும் சொல்ல வேண்டும். ஆமாம்பா, ஏறல என்று சொல்லிவிட்டுத் தறியை மிதித்தேன்.