பதினோராம் வண்டியின் இன்ஜின்

வண்டியின் அடிச்சட்டத்தில் குத்தியிருக்கும் சேசிஸ் நம்பர் மேல் மெல்லிய காகிதத்தை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் நம்பர் அப்படியே காகிதத்தில் ஏறிவிடும். இப்போது மொபைலில் ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கொச்சியில், வில்லிங்டன் தீவில், கப்பல் சரக்கை விடுவிக்கும் ஆபீஸில் நான் இருந்த நாட்களில் இந்த வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை. சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் இல்லை.

பக்கத்து மேஜைக்காரர் மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் குடியிருந்த தமிழர்; ஆனாலும் மலையாளத்தில் அண்ணன் என்கிற மாதிரி, ஆபீஸுக்கே அவர் சேட்டன். இருபத்து நாலு மணி நேரம் ஓயாமல் ஓடும் பந்தயக் கார்களின் ஜாதகம் எழுதுவதுதான் அவருக்கு உயிர். எந்த சேசிஸில் எந்த இன்ஜின் இருந்தது, எங்கே மோதியது, யார் பிரித்துப் பூட்டினார்கள் என்று ஐரோப்பாவுக்கெல்லாம் எழுதிக் கேட்டு நோட்டுகளை நிரப்புவார். ஒரு காரையும் கண்ணால் பார்த்ததில்லை. பெண்ணையே பார்க்காமல் பேரப்பிள்ளைக்குப் பெயர் வைக்கிற ஆள் என்று கிண்டல் செய்வேன். சிரித்துக்கொண்டே எழுதுவார்.

அந்தக் கார்களில், ஒரு கம்பெனி செய்த பதினோராவது வண்டி தீயில் எரிந்துவிட்டதாக எல்லாப் பட்டியல்களும் சொல்லின. சேட்டன் ஒப்பவில்லை. ஏழாம் வண்டியின் நம்பர் பொறித்த தகட்டை மாட்டிக்கொண்டு உலவுவது பதினொன்றுதான் என்று இங்கிலாந்துக்காரர் ஒருவரோடு வருஷக்கணக்காகச் சண்டை. அந்த ஏழாம் வண்டியே ஒருநாள் கண்காட்சிக்காக எங்கள் யார்டில் வந்து இறங்கியது.

சேட்டன் நேரே என் மேஜைக்கு வந்தார். "பிளேட்டை எளக்கி எந்த வண்டியிலயும் அடிக்கலாம். பிரேம்ல எடுத்துத் தா" என்றார். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகி உள்ளே குனிந்து, இரும்புக் குழாயில் குத்தியிருந்த நம்பரைத் தேய்த்து எடுத்தேன். ஏழு. சந்தேகத்துக்கே இடமில்லை.

"அப்போ பதினொண்ணு எரிஞ்சுதான் போச்சு" என்று சொல்லிவிட்டுச் சாயா குடிக்கப் போய்விட்டார். எனக்கு ஐயோ பாவம் என்றிருந்தது.

லாரிக்கு எடுத்தே பழகிய கை என்னுடையது. லாரி என்றால் சேசிஸ், இன்ஜின் இரண்டு நம்பரும் வேண்டும். அந்தப் பழக்கத்தில், யாரும் கேட்காமலே இன்ஜின் நம்பரையும் தேய்த்து வைத்திருந்தேன். தூக்கிப்போட மனமில்லாமல் அவர் மேஜையில் வைத்தேன். திரும்பி வந்தவர் அதைப் பார்த்தார், நோட்டைப் புரட்டினார், மறுபடி பார்த்தார். பதினோராம் வண்டியில் இருந்த இன்ஜின் அது. தீப்பிடிக்கும் முன்பே யாரோ கழற்றி ஏழில் பூட்டியிருக்கிறார்கள்.

வண்டி எரிந்தது உண்மை, நீங்கள் சொன்னதே சரி என்று இங்கிலாந்துக்காரருக்கு உடனே மெயில் எழுதினார். முகத்தில் துளி வருத்தமில்லை.

சாயங்காலம் வண்டியை லாரியில் ஏற்றுவதற்காகப் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்தார்கள். யார்டே அதிர்ந்தது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டோம், சேட்டனைத் தவிர. அவர் என் பக்கம் குனிந்து கத்தினார்:

"இத்தன வருஷம் எலும்பத் தேடிட்டிருந்தேன். உசிரு இங்க இருக்கு, கையை எடுத்துட்டுக் கேளு."