குடத்தோடு வந்த ஓட்டு

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் கூலி லைனின் பஞ்சாயத்தில், பதவிக்காலத்தின் பாதியில் சில இடங்களுக்கு மட்டும் தேர்தல் நடக்கும். வேண்டியவருக்குப் பின்னால் போய் நிற்பதே ஓட்டு.

பேத்தமங்களா ஏரித் தண்ணீர் வரும் ஒரே குழாய், பஞ்சாயத்துப் பதவியில் இருந்த மேஸ்திரியின் வாசலில் இருந்தது. அதை லைன் நடுவுக்கு மாற்றுவேன் என்று இரவு ஷிப்ட் தொழிலாளி ஒருவர் அவரை எதிர்த்து நின்றார். அவரை ஆதரித்த பகல் ஷிப்ட் ஆட்கள் சுரங்கத்துக்குள் இருக்கும் நேரத்தையே மேஸ்திரி தேர்தலுக்குக் குறித்தார்.

புருஷன் ஷிப்டில் இருந்தால் அவருக்குப் பதில் மனைவி வந்து வரிசையில் நிற்கலாம் என்பது லைன் வழக்கம். அதுவரை எவரும் வந்ததில்லை. அன்று பெண்கள் குடத்தோடு வந்தார்கள்.

“இன்னாம்மா, அடுப்ப உட்டுட்டு வந்துக்கீறீங்க?” என்றார் மேஸ்திரி.

“தண்ணி இல்லாம அடுப்புல இன்னாத்த வெக்கிறது மேஸ்திரி? கொஞ்சம் நவுருங்க, பின்னால ஆளுங்க நிக்கணும்” என்றாள் ஒருத்தி.

தொழிலாளிக்குப் பின்னால் நின்ற வரிசை மேஸ்திரி வீட்டையும் தாண்டிப் போயிற்று. அந்த வாரமே குழாய் இடம் மாறியது.