சத்தமே போடாத கம்ப்யூட்டர்

டிவியோடு இணைத்துப் படம் பார்க்க ஒரு கம்ப்யூட்டரை நானே அசெம்பிள் செய்தேன்.

பகலெல்லாம் நான் வேலை பார்க்கிற பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கிற சத்தம். வீட்டில் ஒரு பொருளாவது வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும் என்று ஆசை. பெங்களூர் போய், கம்ப்யூட்டருக்குள் மெதுவாக, சத்தமில்லாமல் சுற்றுகிற பெரிய ஃபேனாகப் பார்த்து வாங்கினேன். ஹார்டு டிஸ்க் அதிராமல் இருக்க, அதற்கு அடியில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்தேன்.

இன்று காலை ஆன் செய்தேன். ஒரு சத்தமும் இல்லை. பெருமையாக மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கொசு மாதிரி ஙொய்ங்னு கத்துதே, கேக்கலீங்களா?"

கிண்டல் என்றுதான் நினைத்தேன். தீர்ப்பு சொல்லப் பக்கத்து வீட்டு மாதேஷை அழைத்து வந்தேன். அவன் கேபினெட் மேலேயே காதை வைத்துக் கேட்டான்.

"சுத்தமா சத்தமே இல்லண்ணா. ஆன்லதான் இருக்குதா?"

"பாத்தியா?" என்றேன் மனைவியிடம்.

அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் ஒரே பிரஸ் ஷாப்புதானுங்களே?"

சிரிக்க ஆரம்பித்த மாதேஷ் பாதியில் நிறுத்திவிட்டான்.

காதில் வைக்கச் சொல்லிக் கம்பெனி கொடுத்த பிளக்கை நாங்கள் கழுத்தில்தான் தொங்கவிட்டிருப்போம். காதில் வைத்தால் சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்காதே.

எங்கள் ஊர் மத்திகிரிக் கொசு சத்தம் போடாமல் கடிக்கும் என்று இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சத்தமில்லாத ஃபேன் எது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவளுக்காகத்தான் கேட்கிறேன். எனக்கு எந்த ஃபேனும் போதும்.